மூளைப் பதிவுகளை எங்கே வைப்பது, எப்படிக் காட்டுவது? திருகோணமலையிலிருந்து ஓர் ஒப்பீடு

திருகோணமலையில் நாங்கள் சிலர் சேர்ந்து, விரும்பி முன்வரும் இளைஞர்களிடம் ஒப்புதல் பெற்று ஈ.ஈ.ஜி பதிவுகள், அதாவது தலையில் மின்வாய்கள் வைத்து மூளையின் மின்னலைகளைப் பதியும் பதிவுகள், எடுத்து வருகிறோம். கண் திறந்தபடி சிறிது நேரம், கண் மூடியபடி சிறிது நேரம், பிறகு மனக்கணக்கு என்று ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் போகும். இந்தப் பதிவுகள் வேறு நாட்டில் இருக்கும் ஆய்வாளருக்கும் பயன்பட வேண்டும். பதிவு கொடுத்தவரும், மூதூரிலோ நிலாவெளியிலோ உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளையும் போனில் திறந்து பார்க்கவும் வேண்டும். இந்த இரண்டு தேவைக்கும் இணையத்தில் எதைக் கட்டுவது, எதைக் கட்டாமல் விடுவது என்று நாங்கள் நிறையப் பேசினோம். இதே நிலையில் இருக்கும் மற்றக் குழுக்களுக்கு உதவும் என்று அந்த ஒப்பீட்டை இங்கே எழுதுகிறேன்.

வழிகள் மூன்று இருந்தன. சொந்தச் சேர்வர் ஒன்றில் தரவை வைத்து, தேடுவது, தரவிறக்குவது, பார்ப்பது எல்லாவற்றையும் நாங்களே கட்டலாம். அல்லது வெளிநாட்டில் பல ஆண்டுகளாக இயங்கும் திறந்த களஞ்சியத்தில் ஏற்றிவிட்டு, அங்கே உள்ள வசதிகளோடு நின்றுகொள்ளலாம். மூன்றாவது வழியில் தரவு களஞ்சியத்தில் இருக்கும். பார்ப்பதற்கான பக்கம் மட்டும் எங்களுடையது. நான் மூன்றாவதன் பக்கம். ஆனால் அதில் எங்கே உழைப்பைப் போட வேண்டும் என்பதில் பலருக்கும் தெளிவில்லை. அதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அளவு

மூளைத் தரவு என்றவுடன் மலை போன்ற கோப்புகளை நினைத்துச் சேர்வர் வாங்கக் கிளம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை வேறு. 21 மின்வாய்கள், செக்கனுக்கு 256 மாதிரிகள், மாதிரிக்கு 2 பைட். அரை மணி நேரப் பதிவு ஏறக்குறைய 19 மெகாபைட்தான். ஐம்பது பேரின் பதிவுகள் சேர்ந்தாலும் ஒரு ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். மூளை இயங்குவதைத் தொடர்ந்து படமெடுக்கும் செயற்பாட்டு எம்.ஆர்.ஐ சற்றுப் பெரிது. 64க்கு 64 புள்ளிகளும் 36 துண்டுகளும் கொண்ட படத்தை 300 தடவை எடுத்தால், சுருக்கும் முன் 88 மெகாபைட் வரும். அதையும் இன்றைய கணக்கில் பெரிது என்று சொல்ல முடியாது.

உண்மையிலேயே பெரியவை வேறு வகை. 2013 இல் ஜேர்மனியின் யூலிக் நிலையமும் மொன்றியலும் சேர்ந்து வெளியிட்ட பிக்பிரெயின், ஒரே மூளையை 20 மைக்ரோமீற்றர் தடிப்பில் 7,404 துண்டுகளாக வெட்டிக் கட்டிய முப்பரிமாண வடிவம். அதன் அளவு ஒரு டெராபைட் என்ற வரிசையில் வரும். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் திறந்துவிட்ட ‘தரணி’, கருவில் வளரும் குழந்தையின் மூளையைக் கல அளவில் காட்டும் நிலப்படம். 5,132 துண்டுகளை இணையத்தில் எவரும் பார்க்கலாம். இப்படிப்பட்ட படங்களை முழுதாக இறக்க முடியாது. கூகுள் வரைபடத்தைப் போல, பார்க்கும் இடத்துக்கு உரிய சிறு சதுரங்களை மட்டும் அனுப்பும் ஏற்பாடு தேவை. கூகுளிலிருந்து வந்த நியூரோகிளான்சர் அந்த வகைக் கருவி. தமிழ் பேசும் மண்ணில் இருந்தே தரணி போன்ற ஒன்று உலகத்துக்குத் திறந்திருக்கிறது என்பது எனக்குப் பெரும் உற்சாகம். எங்கள் தேவை அதில் மிகச் சிறிய பங்கு. அதற்கேற்ற கருவியைத்தான் நாங்கள் தேட வேண்டும்.

சொந்தச் சேர்வர்

இதன் கவர்ச்சி எனக்கும் புரிகிறது. தரவு எங்கள் கையில் இருக்கும்; விதிகளை நாங்களே வகுக்கலாம்; பெயரும் எங்களுடையது. அதற்கான மென்பொருட்களும் இலவசம். சென் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்த எக்ஸ்நாட், மொன்றியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பிறந்த லோரிஸ் இரண்டும் பெரிய ஆய்வுகளைத் தாங்கிய நல்ல மென்பொருட்கள். ஆனால் அவற்றை நிறுவியவுடன் வேலை முடிவதில்லை. தரவுத்தளத்தைப் புதுப்பிக்க வேண்டும், பாதுகாப்புத் திருத்தங்களைப் போட வேண்டும், பயனர் கணக்குகளைக் கவனிக்க வேண்டும், பிரதி எடுத்து, அந்தப் பிரதியிலிருந்து மீட்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். இதற்கென்று சம்பளத்தோடு ஒருவர் இருக்கும் நிறுவனத்துக்கு இது நல்ல தெரிவு. எங்களைப் போன்ற இடங்களில் இந்த வேலை ஒரு மாணவரின் தோளில் விழும். அவர் பட்டம் முடித்துக் கொழும்புக்கோ கனடாவுக்கோ போவார். அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அடுத்த வருடம் அந்தச் சேர்வரின் கடவுச்சொல்கூட யாரிடமும் இருக்காது.

எங்கள் நாட்டுக்கே உரிய காரணங்களும் உண்டு. வாடகைச் சேர்வருக்கு டொலரில் கட்ட வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. அதே சேர்வருக்கு, அதே சேவைக்கு, ரூபாயில் முக்கால் மடங்குக்கு மேல் கூடுதல் செலவு. வருட ஆரம்பத்தில் ஒதுக்கிய பணத்தில் ஓடும் எந்தச் சிறு திட்டமும் அதைத் தாங்காது. வாடகை வேண்டாம், அறையிலேயே ஒரு கணினியை வைப்போம் என்றால், அதே 2022 இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 இல் தீவு முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டது. 2020 டிசம்பரில் புரெவி புயல் எங்கள் மாவட்டக் கரையில்தான் ஏறியது. கடலோர ஊரில் ஒரே அறையில், ஒரே வன்தட்டில், மற்றவர்கள் நம்பிக் கொடுத்த தரவின் ஒரே பிரதியை வைத்திருப்பதை என் மனம் ஒப்பவில்லை.

ஒன்றை மட்டும் உள்ளூரில் வைத்தே ஆக வேண்டும். பெயரையும் பதிவு எண்ணையும் இணைக்கும் பட்டியல், கையொப்பமிட்ட ஒப்புதல் படிவங்கள், அடையாளம் நீக்கப்படாத மூலக் கோப்புகள் ஆகியவை. இவை இணையத்தோடு தொடர்பில்லாமல், மறைகுறியாக்கிய இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வேறு கட்டடங்களில் இருக்கட்டும். இதற்குச் சேர்வர் தேவையில்லை, பூட்டும் ஒழுங்கும் போதும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைச் சிறப்பு வகைக்குள் வைக்கிறது. பெயரோடு சேர்ந்த பதிவை இணையத்தோடு இணைந்த கணினியில் வைப்பவர் அந்தப் பொறுப்பு முழுவதையும் தலையில் ஏற்றுக்கொள்கிறார்.

களஞ்சியங்களுக்குள் எது?

இங்கேதான் தெரிவு கடினம். முக்கியமாக இரண்டைப் பார்க்க வேண்டும்.

ஓப்பன்நியூரோ ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்து இயங்குவது. முன்பிருந்த ஓப்பன்எஃப்எம்ஆர்ஐ களஞ்சியத்தின் தொடர்ச்சி. எம்.ஆர்.ஐ.யோடு ஈ.ஈ.ஜி.யையும் ஏற்கும். ஆனால் வாசலிலேயே ஒரு நிபந்தனை: கோப்புகள் பிட்ஸ் என்ற ஒழுங்கில் இருக்க வேண்டும். 2016 இல் மூளைப் படங்களுக்காக வெளியான இந்த ஒழுங்குக்கு, 2019 இல் ஈ.ஈ.ஜி.க்கான பகுதியும் வந்தது. கோப்பின் பெயர் எப்படி அமைய வேண்டும், எந்த அடைவில் இருக்க வேண்டும், கூடவே என்ன விவரங்களை எழுத வேண்டும் என்று எல்லாம் வரையறுத்திருக்கிறார்கள். ஏற்றும்போதே ஒரு சரிபார்ப்பான் உங்கள் உலாவியிலேயே ஓடி, பிழைகளைச் சுட்டும். பிழை தீராமல் உள்ளே விடாது.

ஸெனோடோ ஐரோப்பாவின் அணு ஆய்வு நிலையமான செர்ன் 2013 முதல் நடத்துவது. எந்தத் துறையின் எந்தக் கோப்பையும் ஏற்கும். ஒரு பதிவேற்றத்துக்கு 50 ஜிகாபைட் வரை இலவசம். நிரந்தர அடையாள எண் கிடைக்கும். உரிமத்தை நீங்களே தெரிந்தெடுக்கலாம்; வேண்டுமென்றால் கோப்புகளைப் பூட்டி, கேட்பவருக்கு மட்டும் கொடுக்கலாம்.

சுலபம் என்று பார்த்தால் ஸெனோடோ. ஒரு பின்னேரத்தில் ஏற்றி முடிக்கலாம். ஆனால் அந்தச் சுலபத்தின் விலையைப் பிறகு தரவைப் பயன்படுத்துபவர் கொடுக்கிறார். தரவிறக்கிப் பார்த்தால் ‘பதிவு_இறுதி_2’ என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். எந்த மின்வாயை ஒப்பீட்டுப் புள்ளியாக வைத்தார்கள் என்று தெரியாது. வடிகட்டியது யார், எவ்வளவு வடிகட்டினார்கள் என்றும் தெரியாது. பிட்ஸ் இந்த விவரங்களை எழுதாமல் விடாது. ஒப்பீட்டு மின்வாய், மாதிரி வேகம், மென்பொருள் வடிகட்டிகள் ஆகியவற்றோடு மின்வழங்கலின் அதிர்வெண்ணையும் கட்டாயம் கேட்கிறது. கடைசியாகச் சொன்னது சிறு விஷயமாகத் தெரியலாம். எங்கள் சுவரிலிருந்து வரும் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அமெரிக்காவில் 60. அங்கே எழுதிய நிரலை அப்படியே எங்கள் பதிவில் ஓட்டினால் அது 60 இல் வடிகட்டிவிட்டு, 50 இல் உள்ள இரைச்சலை அப்படியே விட்டுவிடும். அந்த இரைச்சலை மூளையின் வேகமான அலை என்று யாராவது எழுதிவிடவும் கூடும். ஒரு வரி விவரம் அதைத் தடுக்கிறது.

ஆகவே பிட்ஸுக்காகச் செலவாகும் நேரத்தை நான் செலவாகவே கருதவில்லை. எம்.என்.இ என்ற பைத்தன் மென்பொருளும் அதன் துணைப் பொதியும் இந்த மாற்றத்தின் பெரும்பகுதியைத் தானாகச் செய்கின்றன. இறுதியில் ஸெனோடோவிலேயே வைப்பதானாலும், பிட்ஸில் ஒழுங்குபடுத்திய பிறகே வையுங்கள்.

ஓப்பன்நியூரோவில் எனக்கு இருந்த ஒரே தயக்கம் உரிமம். அங்கே தரவு சி.சி. சீரோ என்ற உரிமத்தில் வெளியாகும். எவரும், எதற்கும், அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம். எங்கள் பெயரைச் சொல்வது ஆய்வு மரபுதான், சட்டக் கட்டாயம் இல்லை. இதை ஒப்புதல் படிவத்தில் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக எழுதி, படித்துக் காட்டி, கேள்வி கேட்க நேரம் கொடுத்துத்தான் கையொப்பம் வாங்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரத்துக்குக் கேள்விக்கொத்துகளோடு வந்தவர்கள் நிறைய. நான் அறிந்த வீடுகளில் அவற்றை நிரப்பிக் கொடுத்தவர்கள் பலர் உண்டு. முடிவைக் கண்டவர்கள் அரிது. எங்களிடம் பதிவுக்கு வந்த ஓர் இளைஞரின் தாயார் படிவத்தை முழுதாகக் கேட்டுவிட்டு, “எல்லா நாட்டாக்களும் பாக்கலாம் எண்டு சொல்றீங்கள். எங்களுக்கும் பாக்க ஏலுமா, தம்பி?” என்று கேட்டார். “ஏலும் அம்மா, நீங்க போன்லயே பாக்கலாம்” என்று சொன்னேன். பார்க்கும் பக்கத்தை நாங்களே கட்ட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பதற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

மற்றக் களஞ்சியங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். நோயாளிகளின் பதிவுகள் என்றால், 1999 முதல் இயங்கும் பிசியோநெட்டை முதலில் பாருங்கள். திறந்தவை, ஒப்பந்தத்தோடு தருபவை, பயிற்சிச் சான்று காட்டினால் மட்டும் தருபவை என்று அங்கே படிநிலைகள் உண்டு. ஆய்வின் முடிவாக வரும் மூளை வரைபடங்களை மட்டும் பகிர நியூரோவோல்ட் போதும். விலங்குகளின் நரம்புக் கலங்களிலிருந்து நேரடியாக எடுத்த மின்பதிவுகளுக்கு டான்டி. ஈப்ரெயின்ஸ், ஐரோப்பாவின் மனித மூளைத் திட்டம் 2023 இல் முடிந்தபின் அதன் பெறுபேறுகளைச் சுமந்து நிற்பது. சிறு குழுவுக்கு அது தேவைக்கு மேல்.

ஏற்றும் முன் அழிக்க வேண்டியவை

எந்தக் களஞ்சியமானாலும் இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஈ.டி.எஃப் என்ற கோப்பு வகை 1992 இல் வந்தது, ஈ.ஈ.ஜி உலகில் எங்கும் புழங்குவது. அதன் தலைப்பகுதியில் ஆளைப் பற்றி எழுத 80 எழுத்துகளுக்கு இடம் உண்டு. பின்னர் வந்த ஈ.டி.எஃப் பிளஸ் அந்த இடத்தில் குறியீட்டு எண், பால், பிறந்த திகதி, பெயர் என்று வரிசையே வகுத்துவிட்டது. பதிவுக் கருவி இவற்றைத் தானாக எழுதிவிடும். கோப்பின் பெயரை மட்டும் மாற்றி ஏற்றினால், உள்ளே ஆளின் பெயர் அப்படியே போய்ச் சேரும். பதிவான நாளையும் நீக்க வேண்டும். இந்தக் கோப்பு வகையில் 1985 க்கு முந்தைய ஆண்டை எழுத முடியாததால், 1985 ஜனவரி 1 என்று மாற்றிவிடுவது வழக்கம்.

எம்.ஆர்.ஐ என்றால் இன்னும் கவனம். தலையின் படத்தில் முகமும் இருக்கிறது. 2019 இல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், 84 பேரின் எம்.ஆர்.ஐ.யிலிருந்து முகத்தை மீளக் கட்டி, சாதாரண முகமறி மென்பொருளிடம் கொடுத்தார்கள். 70 பேரை அது சரியாகப் பொருத்தியது. ஆகவே முகத்தை நீக்கிய படங்களை மட்டுமே வெளியிட வேண்டும்.

கோப்பைத் துடைத்த பிறகும் ஊர் சிறிது என்பதை நினைவில் வைக்க வேண்டும். வயது 43, பெண், கிண்ணியா, ஆசிரியை, இடது கைப் பழக்கம் என்று ஒரு வரி இருந்தால், எங்கள் மாவட்டத்தில் அது யார் என்று கண்டுபிடிக்கக் கணினியே தேவையில்லை. மருத்துவ ஆய்வில் 89 வயதுக்கு மேற்பட்டோரின் சரியான வயதைக் குறிப்பிடாமல் விடுவது அமெரிக்காவின் மருத்துவத் தனியுரிமை விதியிலிருந்து வந்த வழக்கம். எங்களுக்கு அது போதாது. வயதை ஐந்தாண்டுக் கட்டங்களாக எழுதுங்கள். ஊர்ப்பெயரை விடுங்கள். தொழிலையும் விடுங்கள்.

பார்க்கும் பக்கம்

உழைப்பை இங்கே போடுங்கள் என்றுதான் இவ்வளவும் சொல்லி வந்தேன்.

இங்கேயும் இரண்டு வழி உண்டு. பைத்தனில் ஸ்ட்ரீம்லிட், டாஷ் போன்றவற்றால் அழகான பலகை ஒன்றை வேகமாகக் கட்டலாம். ஆனால் அதன் பின்னால் ஒரு நிரல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதாவது மீண்டும் ஒரு சேர்வர், மீண்டும் அதே டொலர் கட்டணம். மற்றது, எல்லா வேலையையும் பார்ப்பவரின் உலாவியே செய்யும் நிலையான பக்கம். ஜிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடத்தில் அது இருந்துகொள்ளும். நாங்கள் எல்லோரும் வேறு வேலைக்குப் போன பிறகும் அது திறக்கும். ஜிட்ஹப்பில் ஒரு கோப்பு 100 மெகாபைட்டுக்குள் இருக்க வேண்டும், முழுத் தளமும் ஒரு ஜிகாபைட்டளவில் நிற்க வேண்டும் என்ற வரம்பு இருந்தாலும், தரவு வேறிடத்தில் இருப்பதால் அது எங்களைத் தடுக்கவில்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சோதியுங்கள்: தரவு இருக்கும் களஞ்சியம், வேறு தளத்தின் பக்கம் ஒன்று தன் கோப்பைப் படிக்க விடுகிறதா என்று. விடாவிட்டால், காட்டுவதற்குரிய சில கோப்புகளின் பிரதியைப் பக்கத்தோடு வைத்துக்கொள்ளலாம்.

கைப்பேசி டேட்டாவில் 19 மெகாபைட்டை இறக்கிவிட்டுப் பாருங்கள் என்று ஒரு மாணவியிடம் சொல்ல முடியாது. ஈ.டி.எஃப் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. அது சுருக்கப்படாத கோப்பு. ஒவ்வொரு துண்டும் ஒரே நீளம். ஆகவே எந்தச் செக்கன் கோப்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்று சிறு பெருக்கலால் அறியலாம். உலாவி அந்தப் பகுதியை மட்டும் கேட்டு வாங்கலாம். 10 செக்கன், 21 மின்வாய், 256 மாதிரி, 2 பைட்: பெருக்கினால் ஏறக்குறைய 107 கிலோபைட். ஒரு சிறிய புகைப்படத்தின் அளவுதான். நரம்பியல் மருத்துவர்கள் ஈ.ஈ.ஜி.யை ஒரு பக்கத்துக்கு 10 செக்கன் என்றே காலகாலமாகப் படித்து வருகிறார்கள். ஆகவே அதே 10 செக்கனை ஒரு திரையாக வைத்தால் இரு தரப்புக்கும் பொருந்தும்.

அந்த 10 செக்கனில் ஒரு கோட்டுக்கு 2,560 மாதிரிகள். போன் திரையின் அகலமோ 400 புள்ளியளவு. ஒரு புள்ளிக்குள் ஆறு மாதிரிகளுக்கு மேல் நெருங்க வேண்டும். கவனிக்காமல் கட்டிய பக்கம் சராசரி எடுக்கும், அல்லது ஆறில் ஒன்றை வைத்து மற்றதை விட்டுவிடும். வானிலை வரைபடத்துக்கு அது போதும், ஈ.ஈ.ஜி.க்கு ஆபத்து. வலிப்பு நோயில் தேடப்படும் கூர்முனை 20 முதல் 70 மில்லிசெக்கன்தான் நீடிக்கும். 20 மில்லிசெக்கன் என்பது எங்கள் வேகத்தில் ஐந்தே மாதிரிகள். சராசரி எடுத்தால் அது மழுங்கும். விட்டுவிட்டு எடுத்தால் காணாமலே போகலாம். சரியான முறை, ஒவ்வொரு திரைப் புள்ளிக்கும் உரிய மாதிரிகளில் மிகக் குறைந்ததையும் மிகக் கூடியதையும் எடுத்து, இரண்டையும் ஒரு கோட்டால் இணைப்பது. இருபது வரி நிரல்தான் வரும். ஈ.ஈ.ஜி காட்டும் பக்கம் ஒன்றைக் கண்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இன்னொன்று திசை. மருத்துவ ஈ.ஈ.ஜி.யில் எதிர் மின்னழுத்தத்தை மேல்நோக்கி வரைவது மரபு. கணினித் துறையில் இருந்து வருபவர் நேர் மதிப்பை மேலே வரைவார். அந்தப் படத்தை மருத்துவர் தலைகீழாகப் படிப்பார். மரபுப்படி வரைந்து, ஓரத்தில் அதை எழுதியும் வைத்துவிட வேண்டும்.

தலையின் மேல் வண்ணம் பரப்பிக் காட்டும் படங்கள் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு அதில் எச்சரிக்கை உண்டு. 21 இடங்களில்தான் அளந்தோம். இடையிலுள்ள வண்ணம் எல்லாம் கணித்து நிரப்பியது. மின்வாய் இருந்த இடங்களைக் கரும்புள்ளியாகக் காட்டாத படத்தை வெளியிடக் கூடாது. அது தலைத்தோலின் மேலான மின்னழுத்தம், அதற்கு நேர் கீழே உள்ள மூளைப்பகுதிதான் அதை உண்டாக்கியது என்று சொல்ல முடியாது என்பதையும் படத்தின் அடியிலேயே எழுத வேண்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தாவும் வானவில் நிறவரிசை இல்லாத எல்லைகளை உண்டாக்கிக் காட்டும். ஒளிர்வு சீராகக் கூடும் விரிடிஸ் போன்ற நிறவரிசையையே பயன்படுத்துங்கள்.

மாணவர்களுக்கு முதலில் எதைக் காட்டுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண்ணை மூடியவுடன் பின்னந்தலை மின்வாய்களில் செக்கனுக்கு 8 முதல் 13 தடவை எழுந்து, திறந்தவுடன் அடங்கும் அல்பா அலை. ஜேர்மனியில் ஹான்ஸ் பேர்கர் 1929 இல் வெளியிட்ட முதல் ஈ.ஈ.ஜி கட்டுரையிலிருந்து உலகம் அறிந்தது அது. அந்த அலை தங்கள் ஊரில் ஒருவரின் தலையிலிருந்து எழுவதைப் பார்த்த பிள்ளைகளின் முகத்தை நான் கண்டிருக்கிறேன். பாடநூல் படத்தால் அது வராது. ஆகவே பக்கம் திறந்ததும் ஒரு பொத்தான், கண் மூடிய கணத்துக்கு நேரே அழைத்துப் போக வேண்டும். பெயர்களும் விளக்கங்களும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்க வேண்டும். எங்கள் மாவட்டத்துக்கு அது அடிப்படைத் தேவை.

எம்.ஆர்.ஐ.யும் காட்ட வேண்டியிருந்தால் நீவியூ என் தெரிவு. உலாவிக்குள்ளேயே முப்பரிமாணப் படத்தைத் திறக்கும், போனிலும் ஓடும், மூளையின் மேற்பரப்பு வடிவங்களையும் படிக்கும். மூத்தவையான பப்பாயாவும் பிரெயின்பிரவுசரும் பல ஆண்டுகள் நன்றாக உழைத்தவை. ஆனால் புதிதாகத் தொடங்குபவர் தொடர்ந்து வளரும் ஒன்றைப் பிடிப்பதே நல்லது. அளவைக் குறையுங்கள்: பொதுவாகப் பயன்படும் எம்.என்.ஐ மாதிரி மூளை 1 மில்லிமீற்றரில் 72 இலட்சம் புள்ளிகளுக்கு மேல், 2 மில்லிமீற்றரில் 9 இலட்சம். போனுக்கு இரண்டாவது போதும். மேற்பரப்பு வடிவத்திலும் ஓர் அரைக்கோளத்துக்கு 1,63,842 முனைகள் கொண்டதை விட்டு 10,242 முனைகள் கொண்டதை வையுங்கள். திரையில் இடம், வலம் என்று எழுதியே ஆக வேண்டும். கதிரியல் மருத்துவர்கள் நோயாளியின் இடப்பக்கத்தைத் திரையின் வலத்தில் பார்ப்பவர்கள்; மூளை ஆய்வாளர்கள் பலர் அதை மாற்றிப் பார்ப்பவர்கள். எழுதாவிட்டால் இருவரில் ஒருவர் தவறாகப் படிப்பார்.

இவ்வளவும் செய்ய ஆள் இல்லை, அடுத்த வாரமே எதையாவது காட்ட வேண்டும் என்றால், எம்.என்.இ.யிலேயே அறிக்கை ஒன்றை வலைப்பக்கமாக எழுதித் தரும் வசதி உண்டு, எம்.ஆர்.ஐ.க்கு நைலேர்ன் என்ற பைத்தன் மென்பொருள் அதையே செய்யும். அழகு குறைவு, தமிழ் இராது. ஆனால் தனிக் கோப்பாக எங்கும் திறக்கும். தொடக்கத்துக்கு அது நல்ல வழி.

எப்போது என் முடிவு மாறும்

பதிவு கொடுப்பவர்கள் நோயாளிகளாக மாறினால், முழுவதும் திறந்து வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்போது ஓப்பன்நியூரோவுக்குப் பதில் பிசியோநெட்டின் ஒப்பந்த முறை, பக்கத்தில் காட்டுவதற்குத் தனியாக ஒப்புதல் தந்த சிலரின் பதிவு மட்டும். பல ஆண்டுகள் ஒரே ஆட்களைத் தொடர்ந்து, ஒவ்வொரு வருகையிலும் புதிய பதிவைச் சேர்க்கும் ஆய்வு என்றால் லோரிஸ் போன்ற ஒன்று தேவைப்படும். அதைப் பல்கலைக்கழகமோ மருத்துவமனையோ தன் பொறுப்பில், தன் ஊழியரைக் கொண்டு நடத்த முன்வந்தால், சொந்தச் சேர்வருக்கு எதிராக நான் மேலே சொன்னவற்றில் பாதிக்கு மேல் விழுந்துவிடும். அந்த உறுதி எழுத்தில் வேண்டும். எத்தனை ஆண்டுக்கு, யாருடைய வரவுசெலவில் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

தரவு இன்னும் சேராத குழுவாக இருந்தால் வேலையை இந்த வரிசையில் தொடங்குங்கள். ஒப்புதல் படிவத்தை முதலில் எழுதுங்கள், ஏனெனில் பதிவு எடுத்த பிறகு திரும்பிப் போய் அனுமதி கேட்பது பெரும்பாலும் நடவாது. பிறகு ஒரே ஒருவரின் பதிவை எடுத்து, அடையாளம் நீக்கி, பிட்ஸில் ஒழுங்குபடுத்தி, சரிபார்ப்பானைக் கடந்து, போனில் திறப்பது வரை கொண்டுபோங்கள். அந்த ஒரு பதிவு முழு வழியையும் கடந்த பிறகு இரண்டாமவரை அழையுங்கள்.